மேடை யாருடையது?

மதத் தலைவர்களும் ஆன்மிகப் பேச்சாளர்களும் அரசியலைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ ஏதாவது சொல்லி, அது சர்ச்சையாகி, இரண்டு நாள் ஊரே அமளிப்படுவது வாடிக்கையாகிவிட்டது. அப்படிப்பட்ட பேச்சுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பள்ளி நிர்வாகமும் தேர்தல் சட்டமும் தெரிந்த எங்கள் பதில் குழு இந்த இதழில் விடை எழுதுகிறது.

2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் ஆன்மிகப் பேச்சாளர் மகாவிஷ்ணு பேசியதற்காகக் கைது செய்யப்பட்டார். முன்ஜென்மம், கர்மா என்றெல்லாம் எல்லாக் கோயிலிலும்தானே பேசுகிறார்கள்? ஒரு பேச்சுக்குக் கைதா?
— வாசகர், தாம்பரம்

கோயிலில் பேசலாம். அங்கே வருகிறவர் கேட்க விரும்பி வருகிறார், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். அரசுப் பள்ளிக் கூட்ட அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுந்து போக முடியாது. வகுப்பாசிரியர் வரிசையாக அழைத்து வந்து உட்கார வைத்திருக்கிறார். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவு முதல் உட்பிரிவு, முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது. ‘எங்கள் மதம் மட்டும் கூடாது’ என்றோ ‘அந்த மதம் மட்டும் கூடாது’ என்றோ அதில் இல்லை. எந்த மதமும் கூடாது. மதங்களைப் பற்றிப் பாடமாகச் சொல்லித் தருவது வேறு சங்கதி. பல மதங்களின் வரலாற்றையும் கருத்துகளையும் அறிவாகச் சொல்லித் தரலாம் என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ‘பௌத்தர்கள் மறுபிறப்பைப் பற்றி இப்படிக் கருதினார்கள்’ என்பது பாடம். ‘நீ போன பிறவியில் செய்ததுதான் இப்போது அனுபவிக்கிறாய்’ என்பது போதனை. வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

அசோக் நகரில் பிரச்சினை இதோடு நிற்கவில்லை. உடற்குறையோடும் வறுமையிலும் பிறப்பதற்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்ற தொனியில் பேச்சு போனது. அதே அரங்கில் இருந்த பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் எழுந்து தடுத்துக் கேட்டார். ஆகஸ்ட் 28-ஆம் தேதி நடந்த அந்த வாக்குவாதத்தின் காணொளி செப்டம்பர் முதல் வாரத்தில்தான் பரவியது. 7-ஆம் தேதி கைது. வழக்கில் சேர்க்கப்பட்ட சட்டங்களில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 92-ஆவது பிரிவு முக்கியமானது. பலர் பார்வையில் படும் இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை என்கிறது அது. பேச்சாளருக்கு அடுத்த மாதம் ஜாமீன் கிடைத்தது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

கைது தேவைதானா என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கருத்தில், அந்தச் சம்பவத்தில் முதலில் பதில் சொல்ல வேண்டியது மைக்கைப் பிடித்தவர் அல்ல, மைக்கைக் கொடுத்த நிர்வாகம். அவர் பேசிய இரண்டு அரசுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களும் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். ஆனால் வலைத்தளச் சண்டை முழுவதும் பேச்சாளரைச் சுற்றியே நடந்தது. ‘யார் அழைத்தது, எந்தக் கடிதத்தின் பேரில்’ என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அரசு மேல்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். ‘தன்னம்பிக்கைப் பேச்சு’ என்று சொல்லி வெளியாட்களை அழைக்கிறார்கள். பாதியில் அது பக்திச் சொற்பொழிவாக மாறிவிடுகிறது. மேடையில் வைத்துத் தடுத்தால் அநாகரிகம் என்கிறார்கள். என்னதான் செய்வது?
— ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

மேடையில் தடுக்கும் நிலை வந்துவிட்டது என்றால் அதற்கு முன்பே நாலைந்து இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் ஓட்டை, அழைப்பு வாய்மொழியாக வருவது. ‘சார், எங்க டிரஸ்ட்ல நல்லா பேசுறவர் ஒருத்தர் இருக்கார், இலவசமா பேசுவார்’ என்று யாரோ தொலைபேசியில் சொல்ல, தலைமை ஆசிரியர் ‘சரி, வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட்’ என்று சொல்லிவிடுவார். தாளில் ஒன்றும் இருக்காது. நாளை விசாரணை வந்தால் எல்லோரும் கையை விரிப்பார்கள். அமைப்பின் கடிதத் தாளில் பேச்சாளரின் பெயர், தலைப்பு, பேசப்போகும் குறிப்புகள் ஒரு பக்கம், நேரம் எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போய், எழுத்துபூர்வ அனுமதி வந்த பிறகே தேதி. ஆசிரியர் கூட்டத்தில் இதை ஒரு முறை தீர்மானமாகப் பதிவு செய்துவிட்டால், அடுத்த தடவை நீங்கள் தனியாளாக நின்று வாதாட வேண்டியதில்லை. ‘தீர்மானப்படி கடிதம் எங்கே சார்’ என்று கேட்டால் போதும்.

இரண்டாவது ஓட்டை தலைப்பு. ‘வாழ்வில் வெற்றி’, ‘மனமே மந்திரம்’ மாதிரி தலைப்புக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். ‘பொதுத்தேர்வுக்கு முன் பதற்றத்தைக் குறைப்பது எப்படி’ என்று குறுக்கினால் விலகல் உடனே தெரியும். பேச்சாளரின் பழைய உரைகள் இணையத்தில் இருந்தால் இரண்டையாவது முழுதாகக் கேளுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள், கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் சரக்கு வெளியே வரும்.

மூன்றாவது, கேமரா. பேச்சாளரோடு படப்பிடிப்புக் குழு வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அவர் உங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் வரவில்லை, தன் சேனலுக்காகவும் வருகிறார். கண்ணீர் விடும் மாணவிகளின் முகம் அவருக்கு விளம்பரம். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் முகத்தை எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நிகழ்ச்சி நடக்கும்போது குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் எல்லோரும் ஓய்வறைக்குப் போய்விட, பேச்சாளர் தனியாகப் பிள்ளைகளோடு இருப்பதுதான் பல இடங்களில் வினையாகிறது. பேச்சு விலகினால் கத்த வேண்டாம். நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கட்டும்: ‘தலைப்புக்குத் திரும்பவும், 5 நிமிடம் உள்ளது.’ இரண்டாவது சீட்டுக்கும் கேட்காவிட்டால் எழுந்து ‘ஐயாவுக்கு நன்றி, பிள்ளைகளுக்குப் பேருந்து நேரமாகிவிட்டது’ என்று நன்றியுரைக்குப் போய்விடலாம். பேருந்து என்ற சாக்கு தமிழ்நாட்டில் எந்த மேடையிலும் எடுபடும்.

அதையும் மீறி ஒரு பிள்ளையையோ சக ஆசிரியரையோ இழிவுபடுத்தும் சொல் வந்துவிட்டால், அப்போது எழுந்து நின்று தடுப்பது அநாகரிகம் ஆகாது. அன்று மாலையே நடந்ததைத் தேதி, நேரம், சொன்ன வாக்கியம் ஆகியவற்றோடு எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் ‘காணொளியைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்’ என்பார்கள்.

என் மகன் அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கிறான். காலையில் ஜெபம் உண்டு. 28-ஆவது பிரிவைக் காட்டி நிறுத்தச் சொல்ல முடியுமா?
— பெற்றோர், நாகர்கோவில்

ஜெபத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. உங்கள் மகனைக் கட்டாயப்படுத்தாமல் விடச் சொல்ல முடியும். மேலே சொன்ன முழுத் தடை, முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்குத்தான். உதவிபெறும் பள்ளிக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு பொருந்தும்: பாதுகாவலர் ஒப்புதல் இல்லாமல் சிறார் எவரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது. இந்துப் பள்ளிக்கும் முஸ்லிம் பள்ளிக்கும் இதே விதிதான்.

‘என் மகன் ஜெபத்தில் பங்கேற்க எங்களுக்கு ஒப்புதல் இல்லை. அந்த நேரத்தில் அவனை நூலகத்தில் இருக்க அனுமதிக்கவும்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முதலில் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களோடு நிற்பதுதான் அவனுக்குப் பிடிக்கும் என்றால் விஷயம் வேறு.

பக்கத்துக் கேரளத்திலிருந்து ஒரு பழைய வழக்கைச் சொல்லலாம். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் விசுவாசத்தின் காரணமாகப் பாடவில்லை. 1985-இல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. மரியாதையாக நின்றதே போதும், வெளியேற்றியது தவறு என்று 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது இதைத்தான்.

கேரளத்தில் 2025-இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை அரை மணி கூட்டியபோது முஸ்லிம் மத அறிஞர்களின் அமைப்பான சமஸ்தா எதிர்த்தது. மதத் தலைவர்களுக்குப் பள்ளி மணியடிக்கும் நேரத்தில் என்ன வேலை என்று எல்லோரும் கொதித்தார்கள். உங்கள் கருத்து?
— வாசகர், கோயம்புத்தூர்

கொதித்தவர்களில் பலர் கால அட்டவணையைப் பார்க்கவில்லை என்பது எங்கள் கருத்து.

8 முதல் 10-ஆம் வகுப்பு வரை, காலையில் 15 நிமிடம் முன்னதாகவும் மாலையில் 15 நிமிடம் பிந்தியும் என்று நேரம் மாறியது. 10 மணிக்குத் தொடங்கிய பள்ளி 9.45-க்குத் தொடங்கி 4.15-க்கு விடும். ஜும்ஆ தொழுகைக்காக மதிய இடைவேளை நீளமாக இருக்கும் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் விலக்கு. கற்பிக்க வேண்டிய மொத்த மணிநேரம் குறைகிறது, அதை ஈடுகட்ட வேண்டும் என்பது அரசின் கணக்கு. மலபாரில் முஸ்லிம் பிள்ளைகள் விடியற்காலையில் மத்ரஸாவுக்குப் போய், வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் 15 நிமிடம் குறைந்தால் காலைச் சாப்பாடு போகும், இல்லையென்றால் மத்ரஸா பாடம் போகும். சமஸ்தாவின் தலைவர் ஜிஃப்ரி முத்துக்கோயா தங்ஙள் முதல்வரிடம் எடுத்துச் சொன்னது இந்தச் சிக்கலைத்தான்.

இதில் மதபோதனையும் இல்லை, யாரையும் இழிவுபடுத்தியதும் இல்லை. தன் நிறுவனத்தின் நேரம் அடிபடுகிறது என்று ஓர் அமைப்பு அரசிடம் முறையிடுகிறது. டியூஷன் மையங்கள் முறையிட்டிருந்தால் இவ்வளவு சூடு இருந்திருக்காது. அரசுக்கு மறுக்கவும் உரிமை உண்டு. ஒரு சமூகத்துக்காக மட்டும் பள்ளி நேரத்தை மாற்ற முடியாது என்று கல்வியமைச்சர் சிவன்குட்டி சொன்னார். பிறகு ஜூலையில் உட்கார்ந்து பேசினார்கள். கூட்டிய நேரம் அந்த ஆண்டு அப்படியே தொடரும் என்று முடிந்தது. ரமலான் மாதத்தில் விடுமுறை விட்டு, அதைக் கோடையில் ஈடுகட்டும் பள்ளிகள் மலபாரில் நெடுங்காலமாக இருக்கின்றன. எனவே மத நாட்காட்டியும் பள்ளி நாட்காட்டியும் உரசுவது அங்கே புதிதல்ல, சமரசமும் புதிதல்ல.

அதே கோடையில் பள்ளிகளில் ஜும்பா நடனம் கொண்டுவந்ததை எதிர்த்து முகநூலில் எழுதியது வேறு கதை. எழுதியவர் ஒரு முஸ்லிம் அமைப்பின் பொறுப்பாளர், உதவிபெறும் பள்ளியில் ஆசிரியரும்கூட. அவரை நிர்வாகம் இடைநீக்கம் செய்தது. அவர் தந்த விளக்கத்தைப் பரிசீலிக்கவில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, மறுபடி பார்க்கச் சொன்னது. அவர் சொன்னது சரியா என்பதற்குள்ளேயே நீதிமன்றம் போகவில்லை. நடவடிக்கை எடுக்கத் துடிக்கும் நிர்வாகங்கள் சறுக்கும் இடம் இதுதான்: நோட்டீஸ் கொடுப்பார்கள், பதில் வரும், பதிலைப் படிக்காமலேயே உத்தரவு தயாராக இருக்கும்.

மதத் தலைவர்கள் அரசியலே பேசக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் என்ன?
— வாசகர், ஈரோடு

சாசனத்தின் 19-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். காவி, அங்கி, தொப்பி எதைப் போட்டாலும் வாக்குரிமையும் பேச்சுரிமையும் கழன்று போவதில்லை.

தேர்தல் சமயத்தில் ஆயர் சுற்றுமடல் விடுகிறார், இமாம் பயானில் சொல்கிறார், சாமியார் ஆதரவு அறிக்கை தருகிறார். இதில் எது குற்றம், எது குற்றமில்லை?
— வாசகர், தஞ்சாவூர்

மூன்று வெவ்வேறு பூட்டுகள் இருக்கின்றன. மக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவியைப் போட்டுத் திருகுகிறார்கள்.

முதல் பூட்டு வேட்பாளருக்கானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 123(3): மதம், சாதி, மொழி பெயரால் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை, தேர்தலே செல்லாமல் போகும். 2017 ஜனவரி 2-ஆம் தேதி அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தவறே என்று விரித்துச் சொன்னது. ஆனால் இதில் ஒரு கொக்கி உண்டு. பேசியவர் வேட்பாளராகவோ அவருடைய முகவராகவோ இருக்க வேண்டும்; வேறு ஆள் என்றால் வேட்பாளரின் சம்மதத்தோடு பேசியிருக்க வேண்டும். தானாகப் பேசிய சாமியாரின் பேச்சு இந்தப் பிரிவில் சிக்காது. சம்மதத்தை நிரூபிப்பதில்தான் தேர்தல் வழக்குகள் தோற்கின்றன. அந்த வழக்கையும் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். 46-ஆவது நாள் போனால் கதவு சாத்தியிருக்கும்.

இரண்டாவது பூட்டு மிரட்டலுக்கானது. அதே சட்டத்தின் 123(2), ‘இவருக்குப் போடாவிட்டால் தெய்வக் குற்றம்’ என்று வாக்காளரை நம்ப வைப்பதை முறைகேடான செல்வாக்கு என்கிறது. 1959-இலேயே இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பஞ்சாபில் நாமதாரி சீக்கியர்களின் சத்குரு தம் அடியார்களுக்கு ‘ஹுகும்’ விட்டார். குரு ஒருவரை ஆதரிப்பதில் தவறில்லை. ஆனால் கட்டளையை மீறினால் இறைவனின் கோபத்துக்கு ஆளாவோம் என்று அடியார் அஞ்சும்படி அது இருந்தால், அவருக்குத் தேர்வு செய்யும் சுதந்திரமே இல்லாமல் போகிறது என்றது நீதிமன்றம். ‘நான் இவரை ஆதரிக்கிறேன்’ என்பது கருத்து. ‘என் பேச்சை மீறினால் சாமி கேட்கும்’ என்பது குற்றம்.

மூன்றாவது பூட்டு இடத்துக்கானது. மத நிறுவனங்கள் முறைகேட்டுத் தடுப்புச் சட்டம், 1988 என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், மடம், குருத்வாரா எதன் வளாகத்தையும் அரசியல் செயல்பாட்டுக்குப் பயன்படுத்தவோ பயன்படுத்த விடவோ கூடாது என்கிறது 3-ஆவது பிரிவு. 7-ஆவது பிரிவின்படி நிர்வாகிக்கு 5 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தேர்தல் அறிவித்த பின் நடத்தை விதியும் வழிபாட்டிடத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்கிறது.

இந்த மூன்றையும் வைத்து நடந்த சம்பவங்களைப் பாருங்கள். 2017 நவம்பரில், குஜராத் தேர்தலுக்கு முன், காந்திநகர் பேராயர் தாமஸ் மக்வான், தேசியவாத சக்திகளிடமிருந்து நாட்டைக் காக்க ஜெபிக்கச் சொல்லி மடல் எழுதினார். தேர்தல் அதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. 2018 மே மாதம் டெல்லிப் பேராயர் அனில் கூட்டோ, நாட்டில் கொந்தளிப்பான அரசியல் சூழல் நிலவுகிறது, வெள்ளிதோறும் நோன்பிருந்து ஜெபியுங்கள் என்று எழுதினார். மத்திய அமைச்சர்கள் வரை கண்டித்தார்கள், ஆனால் அப்போது தேர்தல் அறிவிக்கப்படவில்லை, கட்சிப் பெயரும் கடிதத்தில் இல்லை. 2023 மார்ச்சில் தலச்சேரிப் பேராயர் ஜோசப் பாம்ப்ளானி, ரப்பர் கிலோவுக்கு 300 ரூபாய் தந்தால் கேரளத்திலிருந்து பாஜகவுக்கு எம்.பி. இல்லாத குறை தீரும் என்று பேசினார். அவர் பேசியது விவசாயிகள் பேரணி மேடையில். பீடத்தில் நின்று மறையுரையில் சொல்லியிருந்தால் 1988 சட்டம் நினைவுக்கு வந்திருக்கும். பேரணியில் சொன்னதால் அது பேரம், அவ்வளவே. பேரம் பிடிக்காதவர்கள் அவரை விமர்சித்தார்கள், அவரும் விவசாயிகளின் குரலைத்தான் சொன்னேன் என்றார்.

தேர்தல் நேரத்தில் வழிபாட்டிடத்தில் பிரசாரம் நடப்பதைக் கண்ணால் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜிலில் அங்கேயே எடுங்கள். படமோ 2 நிமிடத்துக்கு உட்பட்ட காணொளியோ எடுக்கலாம். ஏற்கெனவே கேலரியில் இருப்பதையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் அது ஏற்காது, அந்த இடத்தில் நின்று எடுத்தால்தான் இருப்பிடம் பதிவாகும். 100 நிமிடத்துக்குள் முடிவு என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அனுப்பலாம் என்று நினைத்தால் நேரம் கடந்து செயலி மூடிக்கொள்ளும். மற்றவர்கள் புலம்பும் ‘அனுப்பினேன், நடவடிக்கை இல்லை’யில் கணிசமானது இதனால்தான்.

மதத் தலைவர்கள் பள்ளி விஷயத்தில் எதிர்த்து ஆட்சியே கவிழ்ந்ததுண்டா?
— மாணவர், திருநெல்வேலி

உண்டு, 1959 கேரளம். கம்யூனிஸ்ட் முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் கல்வியமைச்சர் ஜோசப் முண்டச்சேரி 1957-இல் கொண்டுவந்த கல்வி மசோதாவைக் கத்தோலிக்க ஆயர்களும் நாயர் சமூகத் தலைவர் மன்னத்து பத்மநாபனும் எதிர்த்தார்கள். குடியரசுத் தலைவர் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே மாதம் வந்த பதிலில், அரசுப் பணியாளர் தேர்வாணையப் பட்டியலிலிருந்து ஆசிரியர்களை நியமிக்கச் சொல்வது பரவாயில்லை, சிறுபான்மைப் பள்ளி நிர்வாகத்தையே அரசு எடுத்துக்கொள்ளும் பிரிவுகள் கூடாது என்று பிரித்துச் சொன்னது நீதிமன்றம். தெருவில் அந்தப் பிரிப்பெல்லாம் எடுபடவில்லை. 1959 ஜூனில் ‘விமோசன சமரம்’ என்ற விடுதலைப் போராட்டம் அரசுக்கு எதிராக மூண்டது, அங்கமாலியில் துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தார்கள். ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. கல்வி மசோதா மட்டுமே காரணமல்ல, நிலச் சீர்திருத்தமும் காங்கிரஸின் கணக்கும் சேர்ந்திருந்தன. ஆனால் கூட்டத்தை முதலில் திரட்டியது பள்ளிக்கூடம்தான்.

ஒரு மதகுருவின் 40 வினாடிக் காணொளி வருகிறது. பார்த்ததும் கோபம் வருகிறது. பகிர்வதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?
— வாசகி, மதுரை

காணொளியின் முதல் சொல்லைக் கவனியுங்கள். ‘…என்று சொல்கிறார்கள்’ என்று முடிய வேண்டிய வாக்கியத்தின் நடுவில் வெட்டினால், எதிராளியின் வாதத்தை அவர் எடுத்துச் சொன்னது அவர் வாதமாகிவிடும். பயானிலும் மறையுரையிலும் சொற்பொழிவிலும் இந்த முறை மிக அதிகம். ‘நாத்திகன் கேட்கிறான்…’ என்று தொடங்கி நாத்திகன் குரலில் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் பிறகு மறுப்பார்கள். ஆகவே முழு உரையைத் தேடி, வெட்டின இடத்துக்கு முன்னும் பின்னும் மூன்று நிமிடமாவது கேளுங்கள்.

பிறகு தேதி. பின்னால் தெரியும் பதாகையில் ஆண்டு இருக்கும், நிகழ்ச்சியின் பெயர் இருக்கும். ஐந்தாண்டுப் பழைய பேச்சு தேர்தல் வாரத்தில் புதிதாகச் சுற்றுவது சகஜம். மலையாளத்திலோ உருதுவிலோ பேசியிருந்தால் கீழே ஓடும் தமிழ் எழுத்தை நம்பாமல் அந்த மொழி தெரிந்தவரிடம் ஒலியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். எழுத்தோடு காட்டினால் அவரும் எழுத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டிவிடுவார்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்’ என்று இழுத்தடிக்கிறார்கள். முறையான வழி என்ன?
— வாசகர், சேலம்

எல்லா இழுத்தடிப்பும் சாக்கு அல்ல. மத உணர்வைப் புண்படுத்துதல், பிரிவினரிடையே பகை மூட்டுதல் என்பவை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 299, 196-ஆவது பிரிவுகள். இரண்டுக்கும் 3 ஆண்டு வரை தண்டனை. பகை மூட்டும் பேச்சு வழிபாட்டிடத்தில் நடந்தால் 5 ஆண்டு வரை. 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள புகார்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) சொல்கிறது. பேச்சு சம்பந்தப்பட்ட புகார்களில் இந்த வழியையே பயன்படுத்துவது நல்லது, எதைக் கேட்டாலும் ஆடிப்போகிறவரின் காதால் அல்லாமல் திடமனம் உள்ளவரின் காதால் பேச்சை அளக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதியும் வேண்டும். எனவே இரண்டு வாரம் ஆவது இயல்பு. அதற்கு மேல் ஆனால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

புகார் தோற்பது பெரும்பாலும் எழுத்தில்தான். ‘இன்னார் எங்கள் மதத்தை இழிவுபடுத்தி வன்மத்தைக் கக்கியுள்ளார்’ என்பது புகார் அல்ல, உங்கள் கோபம். இப்படி எழுதுங்கள்: ‘இந்தத் தேதியில், இந்த ஊரில், இந்த மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அவர் பேசிய உரையின் 31-ஆவது நிமிடம் 12-ஆவது வினாடி முதல் 32-ஆவது நிமிடம் 5-ஆவது வினாடி வரை கீழ்க்கண்ட வாக்கியங்கள் உள்ளன.’ அதன் கீழே சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கம். காணொளியின் இணைய முகவரியும் முழு உரை அடங்கிய பென் டிரைவும். சான்றாக நிற்க, பாரதிய சாட்சிய அதிநியம் 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற அடையாள எண்ணை, எழுத இடம் இருக்கிறது. சாதனம் வைத்திருப்பவர் ஒரு பகுதியையும் நிபுணர் ஒரு பகுதியையும் நிரப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு ஒவ்வொரு முறை சுருக்கப்படும்போதும் ஹாஷ் மாறிவிடும், ஆகவே மூலத்திலிருந்து ஒரே முறை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வெளியாள் யாரும் இல்லை. என் மகளுக்குக் கால் சரியாக வளையாது. ஏழாம் வகுப்பு ஆசிரியரே ‘எல்லாம் போன ஜென்மத்துக் கணக்கு’ என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டே வந்தாள். அரசுப் பள்ளிதான். சண்டை போடவும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்

அம்மா, சண்டை வேண்டாம், தாள் போதும். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதைப் போலவே மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முதலில் மகளிடம் ஒரே ஒரு முறை, குறுக்கிடாமல், சொன்ன வார்த்தையைக் கேட்டு அப்படியே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் அவளுக்கும் வலி, வார்த்தையும் மாறும்.

தலைமை ஆசிரியரிடம் கணவரையோ அக்கம்பக்கத்தாரில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போய் மனுவைக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். மன்னிப்பு வேண்டுமா, இனி நடக்காது என்ற உறுதி வேண்டுமா, வகுப்புப் பிரிவு மாற்ற வேண்டுமா என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். என்ன வேண்டும் என்று எழுதாத மனுவுக்கு ‘விசாரிக்கிறோம்’ என்ற பதில்தான் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உங்களைப் போன்ற பெற்றோர்தான், பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் பொருளாக வைக்கச் சொல்லலாம். 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். பிள்ளை மிகவும் துவண்டிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

அங்கே அசையாவிட்டால் அதே சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி எழுத்துப் புகார் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதை 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

மகள் மறுநாள் பள்ளிக்குப் போகத் தயங்கினால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் வைக்கவும் வேண்டாம். மனுவில் கையொப்பம் வாங்கிய அன்று அவளையும் உடன் அழைத்துப் போய், நகலை அவள் கையிலேயே கொடுங்கள்.